கரணம் யாரைக் கட்ட வந்தது?

நம்மவர் திருமண மண்டபங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாலை மாற்றித் தாலி அணிவித்து மணமக்கள் அமர்ந்த பின்னர், வாழ்த்துரை வழங்கப் பெரியவர் ஒருவர் எழுவார். மணமகளைக் கண்ணகியைப் போல் கற்பிற் சிறந்து வாழ்கவென வாழ்த்துவார். அவையோர் மகிழ்ந்து கைதட்டுவர். மணமகனுக்கோ செல்வமும் புகழும் பெருகுகவென்று கூறி அமைவார். மணமகனுக்கு உவமையாக எந்தக் காப்பியத் தலைவனையும் அவர் எடுத்துரைப்பதில்லை. எங்ஙனம் எடுத்துரைப்பார்? கண்ணகியின் கணவன் கோவலன் அன்றோ! அவனைப் போல் வாழ்கவென எந்த மணமகனை வாழ்த்துவது?

இதனை ஒரு சிறு செய்தியென்று தள்ளுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமூகம் எதனை வாழ்த்தாகக் கூறுகின்றதோ, அதனையே நாளடைவில் கடமையாகவும் சட்டமாகவும் தண்டனையாகவும் ஆக்கிக் கொள்கின்றது. மணத்தையும் ஆண் பெண் கூட்டுறவையும் பற்றி நம் முன்னோர் எழுதி வைத்தவை ஏட்டில் உறங்கிக் கிடப்பன அல்ல. அவை இன்றும் நம் இல்லங்களில் நடமாடுகின்றன, நீதிமன்றங்களில் வாதாடுகின்றன, ஒரு பெண் மாலையில் வீடு திரும்பச் சிறிது காலம் தாழ்ப்பின், வாயிலில் நின்று அவளைக் கேள்வி கேட்கின்றன. ஆதலின் அவ்வேடுகளில் உண்மையில் யாது உளது, பின் வந்தோர் யாது படித்தனர் என்பதை ஆராய்தல் இலக்கியத் திறனாய்வாளர்க்கு மட்டுமன்றிச் சீர்திருத்தம் விழைவார் அனைவர்க்கும் கடமையாகும்.

தொல்காப்பியம் கூறுவது

களவு, கற்பு என ஒழுக்கத்தை இருகூறாக வகுத்தவர் தொல்காப்பியர். ஒருவனும் ஒருத்தியும் பிறர் அறியாது காதலித்துக் கூடுவது களவு. பெண்ணைச் சேர்ந்தோர் கொடுக்க, அவன் அவளைச் சடங்கோடு ஏற்று ஊரறிய இல்லறம் தொடங்குவது கற்பு. அச்சடங்கிற்குக் கரணம் என்பது பெயர். கொடுப்போர் இசையாதபோது காதலர் இருவரும் உடன்போகிய இடத்தும் கரணம் நிகழும் என்று அந்நூல் இடந்தருகின்றது. எனவே, கற்பு என்னும் சொல் அங்கே முதற்கண் ஒரு வாழ்க்கை நிலையைக் குறிக்கின்றது. அந்நிலையில் ஆணும் உளன், பெண்ணும் உளள். அதே நூலில் அச்சொல் மனைவியின் பண்பாகவும், நாணினும் உயர்ந்ததாகவும் வருகின்றது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. இருபொருளும் அருகருகே நின்றன. வரலாறு ஒன்றை வளர்த்தது, மற்றதை மறந்தது.

கரணம் ஏன் வந்தது என்னும் வினாவிற்கும் தொல்காப்பியம் விடை கூறியுள்ளது. மக்களிடையே பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே ஐயர் எனப்பட்டோர் அதனை வகுத்தனர் என்பது அந்நூலின் கூற்று. அந்த ஐயர் யாவர் என்பது பற்றி நெடிய வழக்கு உண்டு. அவ்வழக்கில் ஈண்டு நாம் புகவேண்டுவதில்லை. நமக்கு வேண்டுவது அப்பொய்யும் அவ்வழுவும் யாருடையவை என்பதே. செய்ததை மறைத்தல் பொய். செய்ததற்கு இறுதிவரை நில்லாது தப்புதல் வழு என்பர் உரைகாரர். நூற்பா ஆண் என்றோ பெண் என்றோ பெயர் சுட்டவில்லை என்பது மெய். ஆயின் சங்கப் பாட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். சூள் உரைத்துப் பின் சூள் தவறுகின்றவன் யார்? தலைவனே. தன் கூட்டத்திற்குச் சான்றாக நீர்க்கரையில் மீன் பார்த்து நின்ற ஒரு நாரை தவிர வேறு எவருமில்லையே, அவன் மறுத்தால் யான் என் செய்வேன் எனக் கலங்குகின்றவள் யார்? கபிலரின் குறுந்தொகைத் தலைவியே. தலைவி ஒருத்தி சூள் பொய்த்தாள், தலைவன் சான்றில்லாமல் தவித்தான் என்னும் பாட்டை அத்தொகைகளில் காண்டல் அரிது.

கள்ளூர் அவையம்

அகநானூற்றின் 256-ம் பாட்டு இதற்கு மேலும் விளக்கம் தருகின்றது. கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலம் நுகர்ந்தான். பின்னர் அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். ஊர் அவையத்தார் சான்றறிந்தாரை வினவி உண்மை தேர்ந்தனர். தேர்ந்தபின் அப்பெண்ணை யாதும் செய்யவில்லை. அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையிலே நீற்றைக் கொட்டினர். அவை ஆரவாரித்தது. பரத்தையை நாடிச் சென்று மீண்ட தலைவன் ஒருவனைத் தோழி இடித்துரைக்கும்போது இந்நிகழ்ச்சியை உவமையாக எடுத்துக் காட்டுகின்றாள்.

இங்கே மானம் இழந்தவன் யார் என்பதை நோக்குங்கள். ஏமாற்றியவன் மானம் இழந்தான்; ஏமாற்றப்பட்டவள் இழக்கவில்லை. ஊர் கேட்ட கேள்வி, நீ ஏன் அங்குச் சென்றாய் என்று அவளை நோக்கிக் கேட்டதன்று. நீ ஏன் பொய் கூறினாய் என்று அவனை நோக்கிக் கேட்டது. கரணம் என்னும் கட்டு யாருக்காக வந்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு என்ன வேண்டும்? ஆணின் பொய்யைக் கட்ட வந்த கயிறு அது. அக்கயிறே பின்னர்ப் பெண்ணின் காலைக் கட்டுவதாயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த விதமே நம் ஆராய்ச்சிப் பொருள்.

சங்க காலத்தைப் பொற்காலமாகப் புனைவதும் நம் கருத்தன்று. மருதத் திணைப் பாட்டுகளில் தலைவன் பரத்தையர் சேரிக்குப் போய் வருகின்றான், தலைவி ஊடுகின்றாள், தூது வருகின்றது, முடிவில் வாயில் திறக்கின்றாள். திறவாதிருத்தற்கு அவளுக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. அவள் அவ்வாறு வெளியே சென்று மீண்டிருப்பின் ஊடுதற்குத் தலைவன் வாயிலில் நின்றிருப்பானா என்னும் வினாவை எப்புலவரும் கேட்டிலர்.

பூதத்தின் தீர்ப்பு

காப்பிய காலத்தில் மாற்றம் நன்கு புலனாகின்றது. அகநானூற்றின் 86-ம் பாட்டில் வரும் மணத்தை மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்தி நடத்துகின்றனர்; அங்குத் தீயும் இல்லை, மறையோதுவாரும் இலர். சிலப்பதிகாரத்திலோ முதுபார்ப்பான் மறைவழி காட்ட, மணமக்கள் தீயை வலம் வருகின்றனர். கண்ணகிக்கு அப்போது ஆண்டு 12, கோவலனுக்கு 16. மண்டபத்தில் கண்ணகியைப் போல் வாழ்கவென வாழ்த்தும் பெரியவர் இவ்வயதை நினைப்பதில்லை.

அவர் கண்ணகியின் சொல்லையும் நினைப்பதில்லை. அக்கண்ணகி வாய்திறவாப் பதுமை அல்லள். காமவேள் கோட்டத்தை வழிபட்டால் கணவன் மீள்வான் எனத் தோழி கூறியபோது, அது தனக்குப் பெருமையாகாது என மறுத்தவள். கொலைக்களத்திற்குச் செல்லுமுன் கோவலன் தன் பிழையை எண்ணி வருந்தியபோது, அவன் ஒழுக்கம் போற்றத் தக்கதன்று என்பதை அவன் முகத்துக்கு நேரே உரைத்தவள். முடிவில் அரசன் அவையேறி வழக்குரைத்துப் பிழையை மெய்ப்பித்தவள். இவ்வளவையும் விட்டுவிட்டு, பொறுமை ஒன்றையே அவளிடமிருந்து நாம் எடுத்துக் கொண்டோம். காப்பியத்தின் குறையோ இது? படித்தோர் குறை என்றே கூறுவோம்.

மணிமேகலையில் சிறைசெய் காதையில் ஒரு கிளைக்கதை உண்டு. மருதி என்பவள் பார்ப்பனி, மணமானவள். காவிரியில் நீராடித் தனியே வருகையில், அரசன் ககந்தனுடைய மகன் ஒருவன் அவளை விரும்பி அழைக்கின்றான். அவள் செய்த குற்றம் யாது? நீராடியது, தனியே நடந்தது. ஆயினும் அவள் தன்னையே நொந்து கொள்கின்றாள். மழையைத் தரவல்ல கற்புடைய மகளிர் பிற ஆடவர் நெஞ்சிற் புகுதல் இல்லை. யான் புகுந்துவிட்டேனே, என்னிடம் யாது குறை என்று சதுக்கப் பூதத்திடம் போய் முறையிடுகின்றாள். பூதம் அவளைத் தேற்றுகின்றதா? இல்லை. நீ கதைகளையும் வேடிக்கைப் பேச்சுகளையும் கேட்டாய், விழாக்களை விரும்பினாய், கணவனை விடுத்துக் கடவுளரைப் பேணினாய். ஆதலின் நீ ஏவினால் மழை பெய்யாது என்று அவள் மீதே குறை காண்கின்றது. அதன் பின்னரே அரசன் தன் மகனைத் தண்டிப்பான் என்று கூறுகின்றது. அரசனும் அவ்வாறே மகனைக் கொல்கின்றான்.

இக்கதையை நன்கு சிந்தியுங்கள். குற்றவாளி தண்டனை பெற்றான், நீதி வழங்கப்பட்டது. ஆயினும் பழிக்கு உள்ளானவள் மீதும் ஒரு பிழை எழுதப்பட்டது. கள்ளூர் அவையத்தில் பெண்ணிடம் கேளாத கேள்வி, பூம்புகாரின் சதுக்கத்தில் கேட்கப்பட்டது. கதை கேட்டாயா, விழாவுக்குப் போனாயா என்று அன்று பூதம் கேட்டது. என்ன உடை உடுத்தாய், எந்நேரம் சென்றாய், யாருடன் சென்றாய் என்று இன்று ஊர் கேட்கின்றது. கேள்வியின் சொற்கள் மாறினவேயன்றி உட்பொருள் மாறவில்லை. அதே காதையில் விசாகை என்னும் பெண்ணின் கதையும் உண்டு. தன் முறைமகனோடு அவளை இணைத்து ஊர் பழி தூற்றியது. அவள் குற்றமற்றவள் என்று தெய்வமே சான்று பகர்ந்தது. பகர்ந்த பின்னும் அவள் இப்பிறப்பில் அவனை மணவேன் என்று கன்னிமாடம் புகுந்தாள். பொய்ப்பழிக்குத் தெய்வச் சான்று கிடைத்தும் ஒரு பெண்ணின் இல்வாழ்வு மீளவில்லை என்றால், சான்று ஒன்றும் கிடையாத ஏழைப் பெண்களின் நிலை யாதாகும்!

ஓர் ஆணுக்கு இருவேலி

இப்பழைய முறையில் இன்னொரு சூழ்ச்சியும் அடங்கியுள்ளது. ஆணின் விருப்பத்திற்குத் தடையின்றி, பெண்ணினத்தை இருவகுப்பாகப் பிரித்தனர். ஒரு வகுப்பு வேலிக்குள். மற்றது வேலிக்கு வெளியே. உள்ளிருப்பவள் வெளியேறல் ஆகாது. வெளியிருப்பவள் உள்ளே வரல் ஆகாது. ஆண் ஒருவனுக்கே இருபுறமும் வழி. மாதவி அவ்வேலியைத் தாண்ட முயன்றாள். கோவலனுக்குப் பின் எவரையும் நாடாது துறவு பூண்டாள். மகளையும் அத்தொழிலிற் புகுத்த மறுத்தாள். அவளைப் பெற்ற சித்திராபதியோ, பாணன் இறந்தால் அவன் யாழ் பிறன் கையிற் சேர்வது போன்றதே நம் குலத்தார் வாழ்வு என்று வாதிடுகின்றாள். ஒரு கொடுமை நெடுங்காலம் நிலைத்தால், அதனால் துன்புறுவோரே அதற்கு வழக்கறிஞராகவும் ஆகின்றனர்.

இவ்வேலியை உடைக்க எத்துணைக் காலம் ஆயிற்று! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அக்குலத்திலே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ம் ஆண்டில் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலை எழுதி அவ்வாழ்வின் உட்புறத்தை ஊரறியச் செய்தார். 1947-ம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. மாதவியின் மறுப்புக்கு அரசாங்கத்தின் இசைவு அத்துணை நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைத்தது.

திருவள்ளுவர் இவ்விடத்தில் எங்கு நிற்கின்றார்? பிறன் மனைவியை விரும்புவோனை அவர் 15-ம் அதிகாரத்தில் கடிந்துரைக்கும் கடுமை வேறு எந்நூலிலும் அரிது. அக்கடுமை முழுதும் ஆணை நோக்கியது. சிறையிட்டுக் காப்பதால் பயனில்லை, மகளிர் தம் நிறையால் தம்மைக் காப்பதே காவல் என்றும் கூறினார். ஆயினும் 92-ம் அதிகாரத்தில் விலைமகளிர் மீது அவர் வீசிய சொற்களில், அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கிய முறையின் மீது ஒரு சொல்லும் இல்லை. பெரியோரிடமும் குறை காணல் பெரியோரை இகழ்தல் ஆகாது. அவர் நின்ற இடத்திலிருந்து நாம் ஓரடி முன் செல்வதே அவருக்கு நாம் செய்யும் சிறப்பு.

வெள்ளையர் சட்டமும் வேலியைக் காத்தது

பழமையெல்லாம் கீழைநாட்டுப் பிழை, புதுமையெல்லாம் மேலைநாட்டுக் கொடை என்று நினைப்பாரும் உளர். அதுவும் உண்மையன்று. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ம் பிரிவு, ஒருவன் மனைவியோடு அவன் இசைவின்றிக் கூடும் பிற ஆணைத் தண்டித்தது. கணவன் இசைந்தால் குற்றமில்லை! மனைவியின் இசைவோ மறுப்போ அங்கே கேள்வியே அன்று. அயலான் தோட்டத்தில் அனுமதியின்றி நுழைந்தவனைத் தண்டிப்பது போன்ற சட்டம் அது. 158 ஆண்டுகள் நின்ற அப்பிரிவை 2018-ம் ஆண்டு செப்டம்பர் 27-ல் இந்திய உச்சநீதிமன்றம் நீக்கியது. கணவன் மனைவிக்கு எசமானன் அல்லன் என்று கூறியது.

அதன் உடன்பிறப்பான 498-ம் பிரிவு, மணமான பெண்ணைக் கணவனிடமிருந்து தீய எண்ணத்துடன் அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. அது கடல்கடந்து மலாயாவிற்கும் வந்தது. கணவனுக்கு மட்டுமே அதனால் முறையிடும் உரிமை உண்டு. கணவனை இழுத்துச் சென்றவள் மீது மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 15-ல் அப்பிரிவு அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. நேற்றைய செய்தி இது! மலாயா மண்ணில் பெண் ஒருத்தி, சட்டத்தின் ஓர் ஏட்டில், 2023 வரை இழுத்துச் செல்லத்தக்க பொருளாகவே இருந்தாள்.

மணமானவுடன் மனைவி தன் உடலை என்றென்றைக்கும் கணவனுக்குக் கையளித்துவிட்டாள் என்னும் கொள்கையோ இன்னும் பழையது. மாத்தியூ ஹேல் என்னும் ஆங்கில நீதிபதி எழுதி, அவர் இறந்த பின் 1736-ல் அச்சேறிய நூலில் அக்கொள்கை உளது. அதனை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1991-ல் கைவிட்டனர். சிங்கப்பூர் 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழி, 2020 ஜனவரி 1 முதல், கணவனுக்கிருந்த விலக்கை முற்றும் ஒழித்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375-ம் பிரிவில் அவ்விலக்கு உளது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமும் அதனைத் தன்னகத்தே வைத்துக் கொண்டது. ஆங்கிலேயன் எறிந்துவிட்ட ஆடையை நம்மவர் நம் பாட்டன் சொத்தெனப் போற்றி உடுத்துகின்றனர்.

எழுத்தாளர் செய்த தொண்டு

நம் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் இவ்வேலியைக் கண்டும் வாளாவிருந்தாரல்லர். கற்பென்று ஒன்று உண்டாயின் அதனை இருபாலார்க்கும் பொதுவாக்குக என்று பாரதியார் முழங்கினார். புதுமைப்பித்தன் 1934-ல் ‘பொன்னகரம்’ எழுதினார். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசில்லாத ஆலைத் தொழிலாளி அம்மாளு, அக்கணவனுக்காகவே தன்னை விற்கின்றாள். பசித்த வயிற்றின் முன் கற்பைப் பற்றிய மேடைப்பேச்சு எத்துணை வெறுமையானது என்பதை அக்கதை காட்டிற்று. 1943-ல் அவர் எழுதிய ‘சாப விமோசன’த்தில், சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் இராமன் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். தன்னை மன்னித்தவனே தன் மனைவியை ஐயுற்றான் என்றால், அம்மன்னிப்பிற்கு என்ன பொருள்? ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய இயலாத வேலையை அச்சிறுகதை செய்தது.

ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ இவ்வரிசையில் சிறந்த ஒன்று. மழைநாளில் அறிமுகமற்றவன் காரில் ஏறிய கல்லூரி மாணவி ஒருத்தி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகின்றாள். முதலில் பதறிய தாய், பின் தெளிந்து, மகள் தலையில் நீரை வார்த்து, நீ தூயவள் என்று கூறி உள்ளே அழைத்துச் செல்கின்றாள். அவ்வளவே கதை. ஆயினும் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. எதிர்த்தவர் யாது கேட்டனர்? அப்பெண்ணுக்குத் தண்டனை கேட்டனர். காரோட்டியவனைப் பற்றி அத்துணைப் பேர் கவன்றிலர். ஜெயகாந்தன் பின்னர் அக்கதையையே திருப்பி எழுதினார்: தாய் நீர் வார்க்காமல் கூக்குரலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவல். தமையன் விரட்டுகின்றான், ஊர் தூற்றுகின்றது, ஆதரித்த மாமனே தகாத எண்ணத்தோடு நெருங்குகின்றான். 1972-ல் அந்நாவல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

மருதியின் கதையையும் இக்கங்காவின் கதையையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். பூதம் சொன்ன சொல்லும் ஊர் சொன்ன சொல்லும் ஒன்றே. அவ்விரண்டிற்கும் மறுமொழியாக நிற்பது ஒரு தாய் வார்த்த ஒரு குடம் நீர். ஒரு பெண்ணின் வாழ்வு கெட்டதும் கெடாததும் நிகழ்ந்த தீங்கினால் அன்று, வீட்டார் முதலிற் சொன்ன சொல்லினால் என்பதை இவ்விருகதையும் போல் தெளிவுறக் காட்டியவை நம் மொழியிற் சிலவே.

இன்றும் நடப்பது

இலக்கியம் இவ்வளவு தூரம் வந்தும் சமூகம் வந்ததா? 2005-ம் ஆண்டில் நடிகை குஷ்பு, மணத்திற்கு முன் பெண் கன்னியாயிருத்தல் வேண்டும் என்று படித்த ஆண் எதிர்பார்த்தல் கூடாது என்னும் கருத்தை ஓர் இதழுக்குக் கூறினார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. துடைப்பமும் செருப்பும் ஏந்திய ஊர்வலங்கள் நடந்தன. 2010 ஏப்ரல் 28-ல் உச்சநீதிமன்றம் அவ்வழக்குகள் யாவற்றையும் தள்ளிற்று. ஒரு கருத்தைச் சொன்னதற்கு ஐந்தாண்டு நீதிமன்றப் படியேற்றம்! கற்பைக் காப்பதாகக் கூறித் தெருவிலிறங்கியவருள், கணவன்மாரின் கற்பைப் பற்றி ஒரு பதாகையேனும் பிடித்தவர் உளரோ?

உடன்போக்கை நாம் கல்லூரிகளிற் பாடமாக நடத்துகின்றோம். காதலனோடு சென்ற மகளைத் தேடிவரும் செவிலித்தாயை வழியிற்கண்ட சான்றோர், சந்தனம் பிறந்த மலைக்கு அது பயன்படாதது போல் மகளும் பிறந்த வீட்டிற்குரியவள் அல்லள், அவள் சென்றது அறமே என்று தேற்றும் கலித்தொகைப் பாட்டை வியந்து விளக்குகின்றோம். பட்டமும் தருகின்றோம். 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞன் ஒருவன் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டான். பாலை வழியிற் கண்ட அச்சான்றோர் அன்று அத்தெருவில் எவரும் இலர். பாட்டைப் போற்றிப் பாட்டின் பொருளைக் கொல்லும் இச்செயலுக்கு என்ன பெயரிடுவது?

ஒரு தடையும் விடையும்

கற்பை இவ்வாறு ஆராயப் புகுந்தால் குடும்பம் குலையும், ஒழுக்கம் கெடும் என்பார் உளர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளவில்லை. வாக்குத் தவறாமை, ஒருவர்க்கொருவர் உண்மையாயிருத்தல், பிள்ளைகளைக் கைவிடாமை ஆகியவை இல்லாத இல்லம் இல்லமாகாது. இவற்றைக் கற்பென்று அழைத்தால் அக்கற்பை நாமும் போற்றுகின்றோம். ஆனால் அவ்வுண்மை ஒருபாலார்க்கு மட்டும் கடமையாயின், அது ஒழுக்கம் ஆகாது, காவல் ஆகும். காவலாளி உறங்கும்போது அழியும் ஒழுக்கம் எப்படி ஒழுக்கமாகும்? வள்ளுவர் இதனை என்றோ கூறிவிட்டார்.

மேலும், ஒழுக்கக் கேட்டினால் குடும்பங்கள் குலைந்தன என்று கூறுவோர், குலைத்தவர் யாவர் எனக் கணக்கெடுத்துப் பார்க்கட்டும். இந்நாட்டிற்குப் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோருள் பெண்கள் ஆண்களினும் குறைவே. ஊரில் ஒரு மனைவியும் தோட்டத்தில் ஒரு மனைவியுமாய் வாழ்ந்தவர் கதைகளைக் கேளாத தமிழ்க் குடும்பம் இங்கு அரிது. கோயிலிற் கட்டிய தாலிக்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. அவன் அறியேன் என்று சொன்னால், குறுந்தொகைத் தலைவிக்கு நாரை சான்றானதுபோல், தோட்டத்துப் பெண்ணுக்கு அத்தோட்டத்து மரங்களே சான்று.

பதிவேடே இன்றைய கரணம்

ஆதலின்தான் 1961-ம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த மாதர் சாசனத்தையும், 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த மலேசியத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தையும் நாம் பெரிதும் மதிக்கின்றோம். முஸ்லிமல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதை அவை சட்டமாக்கின. மணத்தைப் பதிவு செய்யப் பணித்தன. தமிழ்நாட்டிலோ, சடங்கின்றி மாலைமாற்றிச் செய்துகொண்ட மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-ல் தீர்ப்பளித்தது. நேர்மையோடு மணந்து வாழ்ந்தோர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர் ஆயினர். 1967-ல் அண்ணாதுரை அவர்களின் அரசாங்கம் இயற்றிய திருத்தச் சட்டத்தினாலேயே அக்குறை நீங்கிற்று.

இப்போது தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு மீள்வோம். பொய்யும் வழுவும் தோன்றிய பின் கரணம் வந்தது என்றார் தொல்காப்பியர். இன்றைய பொய்யையும் வழுவையும் கட்டவல்ல கரணம் தீயும் அன்று, மந்திரமும் அன்று. இருவரும் ஒப்ப நின்று கையெழுத்திடும் பதிவேடே. அதில் ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் ஒரே மையினால் எழுதப்படுகின்றன.  தாலிக்கு நாள் பார்க்கும் பெற்றோர் பதிவிற்கு நாள் பாராது விடுவது, தம் மகளைச் சான்றில்லாதவளாக விடுவதாகும்.

சட்டம் மட்டும் போதாது, சொல்லும் மாறவேண்டும். இனி மண்டபத்தில் வாழ்த்தெழும் பெரியோரை ஒன்று வேண்டுகின்றோம். கண்ணகியைக் கூறுவதாயின், அரசவையில் நீதி கேட்ட கண்ணகியைக் கூறுங்கள். மணமகனையும் ஒருமுறை நிமிர்ந்து நோக்கி, சொன்ன சொல் தவறாது வாழ்க என்று வாழ்த்துங்கள். தீங்குற்ற மகள் வீடு திரும்பினால், பூதமாய் நின்று கேள்வி கேளாதீர். தாயாய் நின்று ஒரு குடம் நீர் வாருங்கள். கள்ளூர் அவையத்தார் பொய்யனைத் தேடினர், பெண்ணைத் தேடவில்லை. அவர்கள் கண்ட நீதிக்கு நாம் திரும்பிச் செல்ல வேண்டியிருப்பது நமக்குப் பெருமையன்று. ஆயினும் அங்கிருந்தேனும் தொடங்குவோமாக!